தாளத்துக்கு நீளமான பெயர்

ஹம்பேர்க்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் மதீசனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அக்கா தக்சாயினியும் இங்கே சுகமாக இருக்கிறோம். கானா நாட்டில் நீயும் சுகமாக இருக்க அம்பாள் துணை நிற்கட்டும். அதை மட்டும் கோபமில்லாமல் எழுதிவிட்டேன், இனி வருவதெல்லாம் கோபம்தான். ரெலிபோனில் சொல்ல வெளிக்கிட்டால், அம்மா லைன் சரியில்லை, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது. படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பி, வாசித்துச் சொல்லு என்று அவளைக் கெஞ்சாதே, அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தவறாமல் உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எஸ்-பான் ரெயினில் இழுத்துக்கொண்டு திரிந்தேனே, எழுத்துக் கூட்டியாவது நீயே வாசி.

இரண்டு கிழமைக்கு முதல் அம்பிகா அக்காவின் பேத்தி பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. அப்பா போன பிறகு நான் நல்ல காரியங்களுக்குப் போவதில்லை என்று உனக்குத் தெரியும். அம்பிகா அக்கா வீட்டுக்கே வந்து, உந்தப் பழைய கதையெல்லாம் இஞ்சை வேண்டாம் ரஞ்சினி, நீ வராட்டி நான் உன்னோட கதைக்க மாட்டன் என்று ஒற்றைக்காலில் நின்றபடியால் போனேன். மண்டபத்தில் பின்வரிசையில் ஓரமாக இருந்தேன். ஆராத்தி முடிந்து, சாப்பாடும் முடிந்து, பெடியள் பாட்டுப் போட்டார்கள். நல்ல மேளம், அதோடு ஒரு கிற்றார், பிறகு கணீரென்ற குரலில் ஒரு பெண் தன் பாஷையில் பாடினாள். அக்கா என் காதுக்குள், அம்மா இது தம்பி செய்த பாட்டு, பாடுறது அவனோட வேலை செய்யிற கானாப் பிள்ளை எஃபுவா, எல்லா நாட்டிலயும் இப்ப இதுதான் ஓடுது என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் என் மகன் செய்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் மேளம் சட்டென்று நின்று, பாட்டுக்குள் நான் அழுகிற சத்தம் கேட்டது.

அப்பாவின் சவப்பெட்டியை மூடும்போது நான் சொல்லி அழுத ஒப்பாரியடா அது! கனடாவிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற சனம் பார்க்கட்டும் என்று எடுத்த செத்தவீட்டு வீடியோவில் இருந்து உருவி எடுத்திருக்கிறாய். பனி கொட்டும் ஊரிலை என்னைப் பாதியிலை விட்டியளோ. அதைத் திரும்பத் திரும்பப் போட்டு, கீழே மேளத்தையும் போட்டிருக்கிறாய். பெடியள் கையைத் தூக்கிக்கொண்டு விட்டியளோ, விட்டியளோ என்று துள்ளினார்கள். அதுகளுக்கு என்ன தெரியும்? வயது போன பெண்களுக்கு உடனே விளங்கிவிட்டது. அம்பிகா அக்காவின் மகள், என்ர பிள்ளையின்ர நல்ல நாளிலை ஒப்பாரியோ, நிப்பாட்டுங்கோ என்று கத்திக்கொண்டு ஓடினாள். பிறகு எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். புருசன் இல்லாதவள் வந்ததும் போதாது, ஒப்பாரியையும் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் எப்படி ஸ்ரேசனுக்கு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே தெரியாது.

அன்று ரெலிபோன் எடுத்தபோது நீ என்ன சொன்னாய்? அது ஒரு சின்னத் துண்டுதானே அம்மா, ஆருக்கும் விளங்காது என்றாய். ஆபிரிக்க மேளம், பிறேசில் கிற்றார், கொரியாப் பிள்ளைகளின் பின்பாட்டு எல்லாம் கலந்தால்தான் உலகம் முழுக்கக் கேட்கும் என்று விளக்கம் வேறு. கலக்கிறதை எனக்குச் சொல்லித் தராதே. ஜேர்மன் கடையில் வாங்கின உருளைக்கிழங்கில் யாழ்ப்பாணத்துக் கறி வைத்து உன்னை வளர்த்தவள் நான். எஃபுவா உலகத்தையே கலக்கட்டும், கெட்டிக்காரி, நன்றாகப் பாடுகிறாள். ஆனால் என் வயிறு எரிந்தது கலந்ததற்கு இல்லை. நான் எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறேனோ அந்த இடத்தில் வெட்டியிருக்கிறாய். அந்த மூச்சு எதற்கு எடுத்தது என்று உனக்குத் தெரியும். அடுத்ததாக அவரின் பெயரைச் சொல்லி அழைத்தேன்.

நான் கட்டின நாளில் இருந்து அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை, கையால் எழுதினதும் இல்லை. இஞ்சாருங்கோ என்றால் திரும்பிப் பார்ப்பார், அது எனக்குக் காணும். விசாக் கந்தோரில் புருசனின் பெயர் என்ன என்று கேட்டால் நான் பாஸ்போட்டைத் தள்ளிவிட்டு நிற்பேன், இந்த மனுசிக்குப் புருசனின் பெயரே தெரியாது என்று அவர்கள் சிரிப்பார்கள். அப்போது பக்கத்தில் நின்று எனக்காக அந்தப் பெயரைச் சொன்னது ஆர்? நீ! முன்பல் இல்லாத வாயால் நீட்டி முழக்கிச் சொல்லுவாய். அவ்வளவு காலம் அடக்கி வைத்ததை செத்தவீட்டு மண்டபத்தில், ஜேர்மன்காரர் அடுத்த ஆட்களுக்கு நேரமாச்சு என்று வாசலில் நிற்கும்போது, நான் ஒருதரம்தான் சொன்னேன். அதைத்தான் நீ வெட்டி எறிந்தாய். ஏனடா என்று கேட்டால், பேர் நீளம் அம்மா, தாளத்துக்குள்ள அடங்கேல்ல என்கிறாய்!

வியாழக்கிழமை எஃபுவா இங்கே கச்சேரிக்கு வந்தாள். அக்கா அவளுக்கு விசயத்தை எழுதியிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. கச்சேரிக்கு முதல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். திட்டி அனுப்பத்தான் இருந்தேன். வந்தவள் கறுப்பும் சிவப்புமாக ஒரு துணியை என் கையில் வைத்து, எங்கட பக்கம் துக்கத்துக்கு உடுக்கிறது, உங்கட மனுசனுக்காகக் கொண்டுவந்தனான் என்றாள். அக்காதான் தமிழில் சொன்னாள். தேத்தண்ணியும் ரோல்சும் குடுத்தேன், வேறென்ன செய்ய? எங்கட வீட்டிலயும் செத்தவைக்கு ஆடுவம், ஆனா பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஆடுவம், இதிலை பேர் எங்கை எண்டு உங்கட மகனைக் கேட்டனான், பேர் ஒண்டும் இல்லை, வெறும் அழுகை எண்டவர் என்று சொன்னாள். வெறும் அழுகையோ? எனக்கு ஒரு கதை, அவளுக்கு ஒரு கதை, இந்தப் பழக்கம் உனக்கு எங்கே இருந்து வந்தது?

அக்கா பெயரைச் சொல்லிக் கொடுத்தாள். எஃபுவா பிழையாகச் சொன்னாள், திரும்பவும் பிழை. திருத்த எனக்கு நாக்குத் துடித்தது, சொல்ல வரவில்லை. மேசையில் விரலால் தட்டி இவ்வளவு நீளம் என்று காட்டினேன். கடைசியில் சரியாகச் சொல்லிவிட்டாள், நான் அவளுடைய தோளில் விழுந்து அழுதேன். நீங்கள் சொல்லாமல் இனி அந்தப் பாட்டைப் பாட மாட்டன் என்றாள். கச்சேரியிலும் பாடவில்லையாம்.

ஆகவே கேள். இப்போது ஓடுகிற பாட்டை எல்லா இடத்திலும் இருந்து எடு. அவள் பாட விரும்பினால் பாடட்டும், நான் தடுக்கவில்லை, ஆனால் முழுதாக, பெயரோடு பாடட்டும். ஒப்பாரி என்று மேலே போடு, யாரும் தெரியாமல் நல்ல காரியத்தில் போட்டுவிடக் கூடாது. பெயர் நீளம் என்றால் அது முடியும்வரை தாளம் நிற்கட்டும், மேளக்காரருக்குக் கை நோகாது. இந்தக் கிழமைக்குள் அம்பிகா அக்காவுக்கு எடுத்து மன்னிப்புக் கேள், என்னைச் சாட்டாதே, உன் வாயால் கேள்.

நுளம்பு கடிக்கும், வலை கட்டிப் படு. கொதித்த தண்ணீர்தான் குடி. வருகிற மாதம் அப்பாவின் திவசம், அதற்கு நீ இங்கே நிற்கவேண்டும், சாட்டு ஒன்றும் எனக்கு வேண்டாம். எவ்வளவு கோபம் இருந்தாலும் நீ என் பிள்ளை, ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். கீழே ஒரு பெயர் எழுதியிருக்கிறேன். அவசரப்படாமல் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாக வாசி.

இப்படிக்கு,
பரராசசிங்கத்தின் மனைவி,
உன் அம்மா ரஞ்சினி