தேவதையின் இறக்கை

அண்ணிக்கு,

பள்ளிக்கூட நோட்டீஸ் உங்களுக்கும் வந்திருக்கும். வெள்ளிக்கிழமை, பிள்ளைங்க முதல்முதலா நற்கருணை வாங்குற புதுநன்மைக்கு ஒத்திகை, சனிக்கிழமை ஆண்டுவிழா நாடகம். தலைமை சிஸ்டருக்கு இருமல் இன்னும் விடல, வெந்நீரும் கையுமாத்தான் அலையுறாங்க. அது கிடக்கட்டும்.

போன வருஷம், "கறுப்பா ஒரு தேவதையா? ஆட்டுக்குட்டி வேஷம் குடுங்க சிஸ்டர்"னு எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்களே, அன்னிக்கு எம் மக அழுதுக்கிட்டே சோப்புப் போட்டு மூஞ்சியத் தேச்சா.

இறக்கை யாருக்குப் பொருந்துதோ அவதான் தேவதைங்கிறது அங்க வழக்கமாச்சே. இந்த வருஷம் கிழிஞ்ச இறக்கை என் தையல் மெஷினுக்குத்தான் வந்துச்சு. எம் மக தோளை அளந்து தச்சேன். உங்க மகளுக்கு வார் எட்டல.

அவளுக்கு ஆட்டுக்குட்டி வேஷமாம். அந்த உடுப்பும் நான் தச்சதுதான், அளவு கச்சிதம்.

முன்வரிசையில இடம் பிடிச்சு வைக்கிறேன். வந்து, போன வருஷம் மாதிரியே நல்லாச் சிரிங்க.

இப்படிக்கு,
உங்க நாத்தனார்