குசினிக்குள் போன கோடு

மேல்பிரிவு லயம்,
றொசல்ல.
18.06.2025

அன்புக் கணவருக்கு ஜெயந்தினி எழுதுவது. நானும் மகள் சர்மிளாவும் சுகம். அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான், கத்தாருக்குத் திரும்பும் சின்னராசா அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

போன மாத மழையில் நம் லய வீட்டு வரிசைக்கு மேலே நிலம் வெடித்ததைச் சொன்னேன் அல்லவா? அதைக் கணினி வரைபடத்தில் ஏற்ற மண்சரிவு ஆபீசிலிருந்து தனுஜா என்றொரு பிள்ளை வந்தாள். வெடிப்பு தொடும் லயத்தில் இருப்பவர்களுக்கு வேறு இடத்தில் வீடு என்றாள். சின்னதாக ஒரு ஜீபிஎஸ் கருவி, அதிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு வயர். நாம் நடக்க நடக்கத் திரையில் ஒரு புள்ளி நகர்ந்து கோடு போடுகிறது. கருவிக்கு வானம் தெரிய வேண்டுமாம். கொழுந்துக் கூடைக் கயிறு தாங்கிய தலைதானே என்று என் தலைத்துண்டில் கட்டிவிட்டார்கள். பின்னால் கணினியும் குடையுமாக அவள், முன்னால் கயிற்றில் கட்டிய ஆடு மாதிரி நான். சிரிக்காதீர்கள்.

வெடிப்போரமாக நடக்கச் சொன்னால், இருபது வருடம் கொழுந்து பறித்த பழக்கம், கால் தானாக நிரை பிடித்துவிட்டது. தேயிலையில் ஒரு நிரை ஏறி அடுத்ததில் இறங்கினேன். கையும் சும்மா இல்லை, இரண்டு கொழுந்து கிள்ளிவிட்டது. திரையில் கோடு மரம் அறுக்கும் வாளின் பல்லாக வந்ததும் தனுஜா அழித்துவிட்டு மறுபடி நடக்க வைத்தாள்.

இந்தத் தடவை ஒழுங்காகத்தான் நடந்தேன். வெடிப்பு வளைந்து இறங்கி நேராக நம் குசினிச் சுவருக்குப் போகிறது. நீங்கள் நாலு வருடம் அங்கே வெயிலில் காய்ந்து அனுப்பிய காசில் கட்டிய அடுப்படி. எனக்கு மனசு வரவில்லை, மேல்பக்கமாக ஒதுங்கி நடந்தேன். திரையில் புள்ளியும் ஒதுங்கியது. அவள் சிரித்துக்கொண்டே, "மறுபடி நெற புடிச்சிட்டீங்களாக்கா?" என்றாள்.

இல்லை, வெடிப்பே அப்படித்தான் வளைகிறது என்றிருந்தால் குசினி தப்பியிருக்கும். நம் லயத்தில் பக்கத்து எட்டுக் குடும்பத்துக்கும் புது வீடு கிடைக்காமல் போயிருக்கும். அந்தச் சுவரோரம்தானே நம் பிள்ளையும் படுக்கிறாள்.

"இல்ல தங்கச்சி, வேணும்னேதான் போனேன். வெடிப்பு எங்க குசினிக்குள்ளதான் போகுது" என்றேன். திரும்பி வந்து, சுவரைத் தொடும்வரை நடந்தேன். அன்றிலிருந்து பள்ளிக்கூட மண்டபத்தில் இருக்கிறோம். பயப்படாதீர்கள், எல்லாரும் ஒன்றாகத்தான் சமைக்கிறோம்.

உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். கோபம் வந்தால் வெள்ளிக்கிழமை போன் எடுத்துத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மாரியம்மன் உங்களைக் காக்கட்டும். புது வீட்டுக்கு இடம் அளக்கும் நாளைக்காவது லீவு கேட்டு வாருங்கள். அடுப்பு எந்தப் பக்கம் என்று நீங்கள் வந்து சொன்னால்தான் வைப்பேன்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
ஜெயந்தினி