சனிக்கிழமைக் கப்பலும் குளிர்க்கடல் கப்பலும்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அண்ணன் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். உன் வலது மணிக்கட்டும் நன்றாக இருக்கிறது என்று நீ எழுதினால்தான் எங்கள் நலம் முழுதாகும். முந்தாநாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியிலேயே அறுந்துவிட்டது, அதுவும் ஒருவகையில் நல்லதுதான், நான் சொல்ல நினைத்தது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், அண்ணன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவான். எழுத்து கோழி கிளறினது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளம்மா, லிஃப்ட் பராமரிப்புப் புத்தகத்தில் 'எண்ணெய் போட்டாச்சு, பிரேக் சரி' என்பதற்கு மேல் நான் எழுதிப் பல வருஷமாகிறது.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா கோபிப்பாள். அண்ணனுக்கு மூன்றாவது தடவையில் லாரி லைசென்ஸ் கிடைத்துவிட்டது, அன்றிலிருந்து வீட்டுக்குள் நடக்கும்போதுகூடத் திரும்பிப் பார்த்துப் பார்த்துத்தான் பின்னால் நகர்கிறான். நம் பியானோ மேல் யாரும் எதையும் வைக்கக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டிருக்கிறாள், இஸ்திரி போட்ட துணியை அதன் மேல் அடுக்குகிறவளும் அவளேதான். போன வாரம் அத்தை வந்திருந்தாள். வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "சிட்டு எப்பதான் வேலைக்குப் போகப்போறா?" என்று கேட்டாள். "ஏழு மாசம் கப்பல்ல போய் என்ன பண்ணிட்டு வந்தாளாம்?" என்று அம்மா கேட்க, "அதான் பியானோ வாசிச்சிட்டு வந்தாளே, நான் வேலைக்கு எப்பன்னு கேட்டேன்" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. நீ முதல்முறை கப்பலேறியபோது கேட்டவர்களிடமெல்லாம் "பொண்ணு கப்பல்ல வேலை பார்க்கிறா" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டவன் நான். எஞ்சின் பக்கமா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தலையை ஒரு தினுசாக ஆட்டுவேன். அதற்காக உன்னிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், ஏன் என்று மேலே படித்தால் தெரியும். தோழியின் அறையில் எத்தனை நாள்தான் தங்குவது என்று நீ கேட்டிருந்தாய், வாடகையில் உன் பங்கைக் கொடுக்கிறவரை கூச்சப்படாதே, பாத்திரம் மட்டும் இடது கையால் கழுவு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு இடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், அப்பா என்ன சொல்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். ஒன்று ஏஜென்ட் மூலம் வந்த பெரிய கப்பல், சம்பளம் அதிகம், அதைவிடப் பெரிய ஆசை ஒன்று காட்டியிருந்தாய், அது இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை நம் துறைமுகத்துக்கே வரும், உங்களைப் பார்க்கலாம் என்று. மற்றது சின்னக் கம்பெனி, நேராக அவர்களே எடுக்கிறார்கள், குளிர்க்கடல் பக்கம் ஏழு மாதம், சம்பளமும் குறைவு, இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத கப்பல். உண்மையைச் சொல்கிறேன், உன் கடிதத்தைப் படித்த அன்றே நான் சனிக்கிழமைக் கப்பல் பக்கம் சாய்ந்துவிட்டேன். பெற்றவன் மனசு, வேறென்ன செய்யும். சேர்ந்துவிடு என்று எழுதக் காகிதம்கூட எடுத்துவைத்தேன், போன சனிக்கிழமை மட்டும் அப்படி நடக்காமல் இருந்திருந்தால் அந்தக் கடிதம்தான் இப்போது உன் கையில் இருந்திருக்கும்.

துறைமுகத்துப் பயணிகள் கட்டிடத்தில் நாலு லிஃப்டும் என் பொறுப்பு என்று உனக்குத் தெரியும். அன்று அந்தக் கப்பல் வந்து நின்றிருந்தது, ஜன்னல் பூராவும் அதன் வெள்ளைச் சுவர்தான், வானமே தெரியவில்லை. என் மகள் இதிலேதான் வரப்போகிறாள் என்று கொஞ்ச நேரம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தேன். மதியம் இரண்டு மணி இருக்கும், மூன்றாம் நம்பர் லிஃப்டிலிருந்து அபாய மணி அடித்தது. மருந்துக்கடை இருக்கிற மாடியிலிருந்து இறங்கும்போது இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. ஓடிப்போய்க் கதவருகில் நின்று, "பயப்படாதீங்க, நான் மெக்கானிக்தான், எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டேன். மூன்று பேர் என்றார்கள். பத்து நிமிஷத்தில் இறக்கிவிடுகிறேன் என்றேன். உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல், "அவசரமே இல்லண்ணே, மெதுவா திறங்க, எங்களுக்குக் கிடைச்ச ஓய்வே இதுதான்" என்றது. இத்தனை வருஷத்தில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் திட்டியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், ஒருவர் தன் சொத்தையெல்லாம் யாருக்கு என்றுகூடச் சொல்லியிருக்கிறார், மெதுவாகத் திற என்று எவரும் சொன்னதில்லை. மேலே மோட்டார் அறைக்குப் போய்க் கரண்டை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்கி வந்து கதவைத் திறந்தால் மூன்று பேரும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் ஒரு பெண் நிஜமாகவே தூங்கிவிட்டாள். அவள் பாடுகிறவள், ஒருவர் கிடார், பேசினவர் டிரம்ஸ் வாசிப்பவர். மூன்று பேரும் அந்தக் கப்பல்காரர்கள். டிரம்ஸ்காரர் கையில் மருந்துக்கடைப் பை, அதில் கைக்குக் கட்டுகிற பட்டித்துணி நாலைந்து சுருள்.

எனக்கு அந்தப் பையைப் பார்த்ததும் உன் கைதான் ஞாபகம் வந்தது. பக்கத்து டீக்கடைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன், அவர்கள் தயங்க, "என் பொண்ணும் பியானோ வாசிக்கிறவதான், உங்க கப்பல்லதான் கூப்பிட்டிருக்காங்க" என்றேன். சிட்டு, முன்பின் தெரியாதவர்களிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தால், அவர்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மத்தியானம் நீச்சல் குளத்தருகில், சாயங்காலம் மதுக்கூடத்தில், அப்புறம் அரங்கத்தில் என்று ஒரு நாளில் மூன்று இடத்தில் வாசிக்கிறார்களாம், நடுவில் நாற்காலி அடுக்கவும் ஆள் இல்லாத இடத்தில் நிற்கவும் கூப்பிடுவார்களாம். "பியானோன்னு சொல்லித்தான் எடுப்பாங்க, போனப்புறம் ஒருத்தரே பத்து பேர் வேலையைச் செய்யணும்" என்றாள் அந்தப் பெண். கரையில் இறங்குவதும் பேருக்குத்தான், புதுப் பயணிகள் ஏறுகிற நாள் என்பதால் அபாயகாலப் பயிற்சி, பெட்டி தூக்குவது, ஆள் கணக்கெடுப்பு என்று நேரம் ஓடிப்போகும், அன்று அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம், அதில் கால் மணி என் லிஃப்டில் போயிற்று.

அப்புறம் நான் கேட்காமலேயே டிரம்ஸ்காரர் ஒன்று சொன்னார். அந்தக் கப்பலில் ஏன் இவ்வளவு அவசரமாகப் பியானோவுக்கு ஆள் தேடுகிறார்கள் தெரியுமா என்றார். முன்பு வாசித்தவருக்குக் கை வீங்கிவிட்டது, ஒரு வாரம் ஓய்வு கேட்டிருக்கிறார், மாத்திரை கொடுத்து வாசிக்க வைத்திருக்கிறார்கள். விரல் மடங்காமல் போனதும் அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிட்டார்கள், ஊருக்குப் போகிற வழியை அவரே பார்த்துக்கொண்டார். அந்த நாற்காலிதான் சிட்டு, இப்போது உனக்கு. நீ உன் மணிக்கட்டைப் பற்றிச் சொன்னபோது ஏஜென்ட் "அதெல்லாம் மாத்திரை போட்டா சரியாயிடும், சனிக்கிழமையே சேருங்க" என்றார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது சுறுசுறுப்பான ஆள் என்று நினைத்தேன். இப்போதுதான் அந்த அவசரத்தின் அர்த்தம் புரிகிறது.

ஒரு பக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று வீட்டுக்கு வந்ததும் நீ அனுப்பிய இரண்டு ஒப்பந்தத்தையும் அண்ணனை வைத்து அச்சடித்து வரிவரியாகப் படித்தேன். சனிக்கிழமைக் கப்பலின் ஒப்பந்தத்தில் ஒன்பதாம் பக்கத்தில் 'நிர்வாகம் அவ்வப்போது சொல்லும் மற்ற வேலைகளும்' என்று ஒரு வரி. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று எங்கேயும் இல்லை. உடம்பு முடியாமல் போனால் அருகிலுள்ள துறைமுகத்தில் ஒப்பந்தம் முடிந்தது, வீடு வருவது பற்றி மூச்சே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, கையெழுத்துப் போடுவது ஏஜென்ட், கப்பல் கம்பெனியின் பெயரே காகிதத்தில் கிடையாது, நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் யார் வாசலில் போய் நிற்பாய்? குளிர்க்கடல்காரர்களுடையது நாலே பக்கம். நேரம் எண்ணிக்கையோடு போட்டிருக்கிறது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, நோய் வந்தால் வைத்தியமும் வீட்டுக்கு அனுப்புவதும் அவர்கள் பொறுப்பு, கையெழுத்தும் கம்பெனியுடையதே. உன் கையைப் பற்றிக் கேட்டதும், ஆறட்டும், ஒரு மாதம் கழித்துச் சேரலாம் என்று அவர்கள் எழுதியதை நீ ஏதோ குறை போல எழுதியிருந்தாய், எனக்கு அதுதான் பெரிய வரியாகப் பட்டது.

அன்று டீக்கடையில் டிரம்ஸ்காரரிடம் குளிர்க்கடல் கம்பெனியின் பெயரைச் சொன்னபோது, "அங்க போனவங்க யாரும் திரும்பி வர்றதில்லண்ணே" என்றார், நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன், அவர் சிரித்துக்கொண்டே, "ஒப்பந்தம் முடிஞ்சாலும் மறுபடி அங்கேயே போயிடறாங்க, அதான் எங்களுக்கு இடமே கிடைக்கல" என்றார். கை வீங்கி இறக்கிவிடப்பட்ட அந்தப் பியானோக்காரரின் போன் நம்பரும் கொடுத்தார். நேற்றுப் பேசினேன், நல்ல மனுஷன், கை இப்போது முக்கால்வாசி சரியாகிவிட்டதாம், உன்னோடு பேசவும் சம்மதித்தார். "கப்பல் நல்லதுதான் சார், கடல்ல வாசிக்கிற மாதிரி சுகம் கரையில வராது, உங்க பொண்ணைப் போக வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க, யார்கூடப் போறோம்னு பார்த்துப் போகச் சொல்லுங்க" என்றார். அவ்வளவு பட்ட மனுஷன் அப்படிச் சொன்னது எனக்கு எத்தனை தெம்பாக இருந்தது தெரியுமா.

அதற்காகக் குளிர்க்கடல்காரர்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. இனிக்க இனிக்க எழுதுகிறவர்களும் உண்டு. அங்கே ஏற்கெனவே வாசித்த ஒருவரோடு பேச வேண்டும் என்று கேள், நல்ல இடம் என்றால் தயங்காமல் நம்பர் தருவார்கள். அறை தனியா, இன்னொருவரோடா என்று கேள், பியானோவுக்குச் சுருதி சேர்க்க ஆள் வருவாரா, எத்தனை நாளைக்கொருமுறை என்று கேள், பியானோவை அவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்களோ அப்படித்தான் உன்னையும் பார்த்துக்கொள்வார்கள். ஏழு மாதம் நீளம்தான், அலையும் அதிகம் என்கிறார்கள், கேட்கிறவர்களெல்லாம் வயதானவர்கள், தினமும் அதே நாலு பாட்டைக் கேட்பார்களாம். அதையும் யோசித்துக்கொள். முடிவு உன்னுடையது, வாசிக்கிற கை உன்னுடையது.

இதையெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்றுதான் இரண்டு நாள் முழித்தேன். ஏனென்றால் அவள், ஊர் நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கிற தன் வேலையில், கெஞ்சிக் கூத்தாடித் தன் வார லீவைச் சனிக்கிழமைக்கு மாற்றி வாங்கிவிட்டாள், உனக்குத் தெரியக் கூடாது, நேரில் வந்து நின்று திடுக்கிட வைக்க வேண்டும் என்று. நேற்றுச் சாயங்காலம் அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன், லிஃப்ட், பட்டித்துணி, ஒன்பதாம் பக்கம் எல்லாம். கிண்ணம் நிறைகிறவரை உரித்தாள். பிறகு, "அந்தக் கப்பல்னா மாசத்துக்கு ரெண்டு தடவை, ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ, அதுவும் அவ கொட்டாவி விட்டுக்கிட்டே நிப்பா. இந்தக் குளிர்க்கடல்காரங்க கை ஆற ஒரு மாசம் குடுத்திருக்காங்க. அந்த ஒரு மாசம் அவ எங்க இருக்கப்போறா?" என்றாள். "தோழி ரூம்லதான்" என்றேன். "இத்தனை பக்கம் படிச்சீங்களே, இது தெரியலையா?" என்று எழுந்துபோய்ப் பியானோ மேலிருந்த துணியையெல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஆகையால் சிட்டு, எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் வியாழக்கிழமைக்குள் எங்களுக்கு ஒரு வரி எழுது, வெள்ளிக்கிழமை அவர்களுக்கு எழுது. முழு ஒப்பந்தமும் கையில் வராமல் கையெழுத்துப் போடாதே, பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் நகல்தான் கொடு. கைக்கு வெந்நீர் ஒத்தடம் மறக்காதே. உன் விரல்கள் நூறு வருஷம் நோகாமல் ஓடட்டும், போகிற கடலெல்லாம் உனக்கு அமைதியாக இருக்கட்டும். வருகிற நாளைச் சொல், அண்ணன் புது லைசென்ஸோடு வண்டி எடுத்து வருவானாம், நீ விரும்பினால் நடந்தும் வரலாம்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
பியானோ வாசிக்கிறவளின் அப்பா