ஹோலிஸ் உறைக்குள் நான் வைத்த தாள்

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மூன்றாம் பீரியட் வேதியியல். எடுப்பது என் அம்மா என்பதால் எனக்கு மட்டும் வேதனையியல். வகுப்பில் 'மிஸ்' என்றுதான் கூப்பிட வேண்டும். இன்று கை தூக்கி, "அம்மா, பசிக்குது" என்றேன். வேண்டுமென்றேதான்.

"காலைல வச்ச முட்டைய நாய்க்குப் போட்டா பசிக்கத்தான் செய்யும், ஆண்டன்" என்றாள். மொத்த வகுப்பும் சிரித்தது. இந்தச் சுற்று அவளுக்கு.

செப்டம்பர் 3

அம்மாவுக்கு இரண்டு வேலை. ஒன்று டீச்சர். இன்னொன்று விமானப்படை ரிசர்வில் பகுதிநேர விமானி: மாதத்தில் ஒரு வாரக்கடைசி, அதுபோகப் புயல் காலத்தில் கூப்பிடும்போதெல்லாம். எங்கள் ஊர் பிலாக்சியே பெட்டியைக் கட்டிக்கொண்டு வடக்கே ஓடும்போது இவள் மட்டும் தெற்கே பறந்து, புயலுக்குள் நுழைந்து, அளந்துவிட்டு வருவாள். புயலின் கண்ணுக்குள் போய்ப் பார்க்கிறவள், என்னைக் கண்ணெடுத்துப் பார்க்க நேரமில்லை என்பாள்.

இந்த வருடப் புயல்களின் பெயர்கள் முன்கூட்டியே வந்துவிடுமல்லவா, அம்மா ஒவ்வொரு பெயருக்கும் ஒரு காகித உறை தயார் செய்து அலமாரியில் அடுக்கியிருக்கிறாள். கிரெட்டல் வந்தால் கிரெட்டல் உறை. உள்ளே அன்றைய பாடம். அம்மாவுக்குப் பதில் வரும் பதிலி ஆசிரியர் லாட்னர் சார் அதைப் பிரித்து அப்படியே நடத்த வேண்டும். எல்லாம் பேனாவும் தாளும் போதும் என்கிற பாடங்கள். அவர் தபால் நிலையத்தில் முப்பது வருடம் தபால் பிரித்தவர். பதிலி ஆசிரியர்தான், ஆனால் எதைக் கேட்டாலும் பதில் இலி.

செப்டம்பர் 9

வகுப்பு நடுவே அம்மாவின் போன் அதிர்ந்தது. பார்த்தாள். பாதியில் நின்ற சமன்பாட்டை முடித்தாள். பேனாவை மூடினாள். "நாளைக்கு ஹோலிஸ்" என்றாள், ஏதோ விருந்தாளி வருகிற மாதிரி.

வீட்டில் அப்பா: "சனிக்கிழமை என் தங்கச்சி வீட்டு விருந்து, மரீனா. ஞாபகம் இருக்கா?"

"ஹோலிஸ்கிட்ட சொல்லிப் பாக்கறேன்."

"அவன் உன் புருஷன் பேச்சையா கேக்கப்போறான்? நீயே கேக்கறதில்ல."

அம்மா பை கட்டும்போது கேட்டேன், புயலின் கண்ணுக்குள் எப்படி இருக்கும் என்று. கையில் காலுறையோடு நின்றாள். "சுத்தியும் வெள்ளைச் சுவர்டா. மைல் உயரம். திடீர்னு ஆட்டம் நிக்கும். மேல பாத்தா நீலம். சில சமயம் பறவைங்க சுத்திட்டிருக்கும், வெளிய போக வழி தெரியாம." கடைசி வரியை அவள் என்னிடம் சொல்லவில்லை, அந்தப் பறவைகளிடம் சொன்னாள் என்று தோன்றியது.

செப்டம்பர் 10, காலை

அம்மாவின் சொந்த நோட்டில் நுரை பொங்கும் சோதனை ஒன்று இருக்கிறது. அந்தத் தாளைக் கிழித்து, ஹோலிஸ் உறைக்குள் இருந்த பாடத்தை எடுத்துவிட்டு வைத்தாயிற்று. லாட்னர் சாரின் முகத்தை நினைத்தாலே சிரிப்பு.

செப்டம்பர் 10, மாலை

சிரிப்பு வரவில்லை.

அந்தத் தாள் பள்ளி விழாவில் மைதானத்தில் செய்து காட்டுவதற்கு எழுதியது. அளவு எல்லாம் மைதானத்துக்கு. எனக்கு அது எப்படித் தெரியும்— தெரிந்திருக்க வேண்டும். நுரை கூரையைத் தொட்டது. எல்லாரும் கைதட்டினோம். அப்புறம்தான் லாட்னர் சார் கையை உதறுவது தெரிந்தது. அவ்வளவு சூடு. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கொப்புளம். "பரவால்ல பசங்களா, பரவால்ல" என்றார். அதுதான் தாங்கவில்லை.

அம்மாவின் விமானம் போகும் தடம் கணினியில் தெரியும். வளைகுடா நடுவே ஒரு சின்னக் கோடு, புயலைக் குறுக்கே வெட்டி, திரும்பி, மறுபடி வெட்டி. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

செப்டம்பர் 12

லாட்னர் சார் கை வெந்தது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தலைமையாசிரியை நெக்கேஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அம்மா சொன்னாளாம்: "உறை என்னோடது. அவசரத்துல தப்பான தாள வச்சிருப்பேன்."

அவளே அப்படி நம்புகிறாள்.

செப்டம்பர் 14

ஹோலிஸ் எங்கள் ஊரை விட்டுவிட்டு மேற்கே போய்விட்டான்.

செப்டம்பர் 15

அம்மா அப்பாவிடம் சொன்னது: "இருபது வருஷம் ஆச்சு. போதும். ரெண்டு வேலையும் பாக்கறேன்னு ரெண்டுத்துலயும் கவனம் போகுது. ஒரு மனுஷன் கை வெந்திருக்கு." மாதக் கடைசிக்குள் விலகல் கடிதத்தை விமானப்படைத் தளத்தில் கொடுத்துவிடுவாளாம். அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். குளிர்பெட்டியைத் திறந்து வெகுநேரம் ஒன்றும் எடுக்காமல் நின்றார்.

எனக்குச் சந்தோஷமா? இனி விருந்துகளுக்கு வருவாள். ஞாயிறு இருப்பாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அம்மா முழுசாக வீட்டுக்கு வந்துவிடுவாள்.

செப்டம்பர் 17

கனவு. எங்கள் வகுப்பறைக்குக் கூரை இல்லை. நாலு பக்கமும் மேகம் மெல்லச் சுற்றுகிறது, சத்தமே இல்லாமல். நாங்கள் எல்லாரும் குனிந்து எழுதுகிறோம். அம்மா மட்டும் அண்ணாந்து பார்க்கிறாள். நான் "மிஸ்" என்கிறேன், "அம்மா" என்கிறேன், "மேடம் பைலட்" என்கிறேன். எதற்கும் திரும்பவில்லை.

செப்டம்பர் 19

நெக்கேஸ் மேடம் அறைக்கு நானாகப் போவது இதுதான் முதல் தடவை.

"இப்ப என்ன உடைச்ச?"

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல மேடம். போன வாரம் உடைச்சது."

சொல்லி முடித்தேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. அதுதான் பெரிய தண்டனை. சின்னத் தண்டனைய நான் தரேன்: லாட்னர் வர்ற ஒவ்வொரு நாளும் நீ அவருக்கு ஆய்வக உதவியாள். அதுக்கு நீ வேதியியல் படிச்சாகணும்."

செப்டம்பர் 20

கடற்கரைச் சாலையில் அம்மாவைக் காரை நிறுத்தச் சொன்னேன். தாளை மாற்றி வைத்தது நான்தான் என்று சொன்னேன். அம்மா ஸ்டியரிங்கை விடவில்லை. அலை வருவது, போவது, வருவது.

"ஒரு வாரமா ராத்திரி எல்லாம் யோசிச்சேன்டா. எப்ப மாத்தி வச்சேன், எப்படி வச்சேன்னு. விமானத்துலயும் இப்படித்தான் மறப்பேனோன்னு பயந்துட்டேன்."

இதை நான் யோசிக்கவே இல்லை. அழுதுவிட்டேன். எழுதத்தான் வேண்டும், எழுதுகிறேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள்: "சரி. நான் வீட்டோட இருக்கணுமா? பொய் சொல்லாம சொல்லு."

"ஆமா. இருந்தா நல்லாருக்கும்." மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "ஆனா வீட்டோட இருக்கறப்பவும் நீ ஜன்னலத்தான பாக்கற."

அவள் காரைக் கிளப்பினாள். ஒரு மாதம் கைச்செலவு கிடையாது என்று மட்டும் வீட்டு வாசலில் சொன்னாள்.

செப்டம்பர் 30

இன்று மாதக் கடைசி. விலகல் கடிதத்தைப் பற்றி அம்மா பேசவில்லை. நான் கேட்கவில்லை. அப்பா கேட்கவந்து, உப்பைக் கேட்டார்.

அக்டோபர் 21

மூன்றாம் பீரியட். புதுப் புயல், புது உறை. லாட்னர் சாரின் கையில் தோல் இளஞ்சிவப்பாக வளர்ந்திருக்கிறது. உறையைப் பிரிக்குமுன் என்னிடம் நீட்டி, "முதல்ல நீ படி. எனக்கு இன்னொரு கைதான் மிச்சம்" என்றார். எட்டு கேள்வி. எட்டுக்கும் விடை எனக்குத் தெரிந்தது, என்னாலேயே நம்ப முடியவில்லை.

ஐந்தாவது கேள்வியில் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. நாலு விசிறி விமானத்தின் சத்தம், கடல் பக்கம் போகிறது. யாரும் எழுதவில்லை. லாட்னர் சார் கூரையைப் பார்த்தார்.

"உங்கம்மாவா?"

"அவங்கதான் சார். ஆறாவது கேள்விக்குப் போலாமா?"