ஜட்ஜ் வீட்டு அடுப்பு மேடை

1949 பிப்ரவரி 3, வியாழன்

மயிலாப்பூர் போய்விட்டு வந்ததிலிருந்து தலை கொதிக்கிறது. சமையலறையை மாற்றிக் கட்ட பிளான் போட வேண்டுமாம். ஆனால் பிளான் போடுகிறவன் சமையலறைக்குள் நுழையக் கூடாதாம்!

ரிட்டயர்டு சப் ஜட்ஜ் சுவாமிநாதன் வீடு. அவர் சம்சாரம் விசாலாக்ஷி அம்மாள் போன வருஷம் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு, இப்போதுதான் கோல் ஊன்றி நடக்கிறார். தரையில் உட்கார்ந்து சமைக்க முடியாது. சமையலுக்கு ஆள் போட்டுவிடலாம் என்று பிள்ளைகள் சொல்ல, அந்தம்மா ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டாராம். அதனால் நின்று சமைக்க ஒரு மேடை. கொல்லைக் கோடியில் இருக்கிற குளியலறை சமையலறைப் பக்கம் வர வேண்டும். நியாயமான வேலை. இப்படி வேலை கிடைக்காதா என்றுதான் நான் காத்திருந்தேன்.

டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தால் ஜட்ஜ் குறுக்கே கையை நீட்டினார். "தப்பா நினைச்சுக்கப்படாது ஓவர்சியர். அடுப்பு எரிஞ்சிண்டிருக்கு. மடி. நான் அளந்து சொல்றேன், நீர் கூடத்திலேயே உக்காந்து எழுதிக்கும்."

சரி, டேப்பையாவது கொடுக்கலாம் என்று நீட்டினேன். அதுவும் கூடாதாம். துணி டேப்பாம், விழுப்பாம், பட்டால் மடி கெட்டுவிடுமாம்! பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற ஓரடி மரஸ்கேலை எடுத்துக்கொண்டு மனுஷன் உள்ளே போய்ச் சுவர் சுவராக ஊர்ந்தார். நான் வெளியே அவர் கத்தக் கத்த எழுதினேன். ஜன்னல் எங்கே, தெரியாது. வெளிச்சம் எந்தப் பக்கம், தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு வீட்டைக் கட்டு என்கிறார்கள்.

மேடை உயரம் கேட்டேன். "என் இடுப்புக்கு வைச்சுக்கும். நிக்கறவாளுக்கு இடுப்புதானே கணக்கு" என்றார். ஜட்ஜ் ஆறடி ஆள்.

பிப்ரவரி 5

வீட்டில் என் சம்சாரம் நஸ்ருன்னிசா பிளானை எட்டிப் பார்த்தாள். மேடை உயரம் யார் சொன்னது என்றாள். ஜட்ஜ் என்றேன்.

"ஏங்க, அவரா ஆக்குறாரு?"

எரிந்து விழுந்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. அவள் கேட்டதில் என்ன தப்பு?

பிப்ரவரி 9

மறுபடி போனேன். அம்மாவை ஒரு நிமிஷம் வாசப்படியில் வந்து நிற்கச் சொல்லுங்கள், தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"வேத்து மனுஷா முன்னாடி வந்து நிக்கற வழக்கம் இந்த ஆத்துல இல்லை. நான் சொன்ன உயரத்தைப் போடும்."

போட்டேன். வேறு என்ன செய்ய? குளியலறைச் சுவரில் கைப்பிடி வரைந்திருந்தேன், அதற்கும் ஒரு நக்கல்: "குளிக்கற எடத்துல கைப்பிடி என்னத்துக்கு? ரயில் வண்டியா?" இடுப்பு முறிந்தவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாராம், இவர் பூணூலையா? வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். கைப்பிடியை மட்டும் பிளானிலிருந்து அடிக்கவில்லை. அது இருக்கும்.

மார்ச் 21

சிமெண்ட் பர்மிட் ஒருவழியாக வந்தது. இன்று இடித்தோம். சமையல் கொல்லைக் கொட்டகைக்குப் போய்விட்டதால் சமையலறை இப்போது வெறும் அறை. நானும் போகலாம், வெள்ளைத்துரை மேஸ்திரியும் போகலாம். கடைசியில் புண்யாவசனம் பண்ணிச் சுத்தம் செய்துகொள்வார்களாம்.

வெள்ளைத்துரை கேட்டான்: "நேத்து வராதேன்னாங்கோ, இன்னிக்கு வான்றாங்கோ. அடுப்புதான் அணைஞ்சிகீது, நாம அதே ஆளுங்கதானே நைனா?"

கடப்பாரையை வாங்கி நானே நாலு போடு போட்டேன்.

ஏப்ரல் 10

கபாலி கோயில் திருவிழாக் கூட்டம். மணல் வண்டி மாட வீதிக்குள் நுழையவே முடியவில்லை. வேலை இல்லை. கோபம் மட்டும் இருக்கிறது.

ஏப்ரல் 29

முடிந்தது. புகைபோக்கி நன்றாக இழுக்கிறது. குளியலறையில் உட்கார்ந்து குளிக்கக் கல்மேடை, சுவரில் கைப்பிடி. நாளை புண்யாவசனம். அதோடு எனக்குக் கதவு சாத்தியாயிற்று.

மே 6

ஜட்ஜ் ஆள் அனுப்பினார். போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"என்னய்யா கட்டி வைச்சிருக்கீர்? ஆத்துக்காரிக்குத் தோள் வரைக்கும் வரது மேடை. பாத்திரத்துக்குள்ள என்ன வேகறதுன்னு தெரியலைங்கறா."

நீங்கள் சொன்ன உயரம்தானே சார் என்றேன்.

"பிளான் போட்டது நீர்."

இது என்ன நியாயம்? கோர்ட்டிலும் இப்படித்தான் தீர்ப்புச் சொன்னாரா? சரி, இடித்துத் தாழ்த்தித் தருகிறேன், கூலி என்னுடையது என்றேன். வேண்டாமாம். மறுபடி கொட்டகை, மறுபடி புகை, மறுபடி புண்யாவசனம், அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம். "பெரிய மணையாப் போட்டு ஏறி நிக்கச் சொல்லியிருக்கேன். பழகிடும்."

மணையாம்! கோல் ஊன்றி நடக்கிற பொம்பளை, ஆடுற பலகை மேல ஏறி, கொதிக்கிற உலை முன்னாடி நிக்கணுமாம். பேமானி! விழுந்தா இந்தத் தடவை இடுப்போட போகுமா? யா அல்லாஹ், இதைக் கட்டினது என் கை. அதுதான் எனக்கு ஆறலை.

மே 7

நஸ்ருன்னிசா சொல்கிறாள்: "அங்கேயே கத்தியிருக்கணும். என் கிட்ட கத்தி என்னா பண்றது?"

மே 14, சனி

வெள்ளைத்துரை குளியலறைச் சாக்கடை அடைப்பை எடுக்கப் போயிருந்தான். நேரே இங்கே ஓடிவந்தான். "பலகை பொரண்டுகிச்சு சார். அந்தம்மா மேடையப் புட்ச்சிகினு நின்னுக்கிச்சு, விய்யல. ஆனா ரசம் கையில கொட்டிக்கிச்சு. தோலு வயண்டுகீது."

அப்படியே கிளம்பிப் போனேன். குல்லாயைக்கூட எடுக்கவில்லை.

கூடத்தில் ஜட்ஜ். நான் கத்தினேன். இத்தனை நாள் விழுங்கினதெல்லாம் வந்தது. "உங்க இடுப்பை அளந்து அவங்களுக்குக் கட்ட வெச்சீங்களே, நீங்க ஒரு நாள் அந்த மேடையில சோறு வடிச்சிருக்கீங்களா சார்? இதை நான் இன்னிக்கே இடிக்கிறேன். போலீஸைக் கூப்பிடுறதானா கூப்பிடுங்க!" தெருவில் ஆள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜட்ஜ் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து குரல். இத்தனை மாதத்தில் அந்தக் குரலை இன்றுதான் கேட்கிறேன்.

"ஓவர்சியர் சார், உள்ளே வாங்கோ. நான் நிக்கறேன். எவ்வளவு உயரம்னு பார்த்துக்கோங்கோ."

"விசாலம்! அடுப்பு எரியறது!" என்றார் ஜட்ஜ்.

"எரியட்டும். நெருப்புக்கு முன்னாடி நிக்கறது நான். இடுப்பு என்னோடது. கையும் என்னோடது. மடி போனா தலைக்குத் தண்ணி விட்டுண்டு வரேன். அதுக்குத்தான் பக்கத்திலேயே குளிக்கற அறை கட்டியிருக்காரே. நீங்க வாங்கோ சார்."

செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். சின்ன உருவம். என் தோளுக்குக்கூட வரமாட்டார். இடது கையில் வாழையிலை சுற்றியிருந்தது. மேடை பக்கத்தில் நிமிர்ந்து நின்று, வலது முழங்கையை மடக்கிக் காட்டினார். அதற்கு ஒரு சாண் கீழே கரித்துண்டால் சுவரில் கோடு போட்டேன். அவ்வளவுதான் வேலை. பிப்ரவரியில் ஆகியிருக்க வேண்டிய வேலை.

"இன்னும் கொஞ்சம் கீழே" என்றார். "வெண்கலப் பானையைத் தூக்கி இறக்கணுமே."

இன்னும் கொஞ்சம் கீழே போட்டேன்.

ஜட்ஜ் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை.

மே 23

ஐந்து வரிசைச் செங்கல்லை எடுத்தோம். சிமெண்ட்டுக்கு யார் அலைவது? சுண்ணாம்புக் காரையே போதும். கரிக்கோடு அழியாமல் பார்த்துக்கொள் என்று வெள்ளைத்துரையைத் திட்டிக்கொண்டே இருந்தேன். "நீ திட்றதுலயே அது அயிஞ்சிபூடும் சார்" என்கிறான்.

ஜூன் 9, வியாழன்

புண்யாவசனம் ஆகிவிட்டது. காரை காய்ந்துவிட்டதா என்று கேட்கப் போனேன். மறுபடி கூடம்தான். உள்ளே போகவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. அந்தக் கோபம் எனக்குப் போகாது. போகவும் வேண்டாம்.

"ஓவர்சியருக்குக் காபி எடுத்துண்டு வாங்கோ, எனக்குக் கையில பாத்திரம் இருக்கு" என்று உள்ளேயிருந்து அந்தம்மா சொன்னார்கள். ஜட்ஜ் எழுந்து போனார். ஏதோ முனகினார். அப்புறம் நன்றாகவே கேட்டது.

"என்ன விசாலம் இது, ரொம்பத் தாழ்வா இருக்கே. ஒரு டம்ளர் எடுக்கக் குனிய வேண்டியிருக்கு."

"குனியுங்கோ."