ஒழுகாத குழாய்கள்

மே 6

காலையில் முதலாளி ஹேமிஷ் எங்கள் எல்லாரையும் ரோமம் பிரிக்கும் மேசையருகே கூப்பிட்டார். ரோமம் அலசத் தண்ணீர் சுடவைக்கும் நிலக்கரி பாய்லரை எடுத்துவிட்டு, அதே வேலைக்கு மின்சார வெப்பப் பம்பு வைத்தால் செலவில் பாதியை அரசு மானியமாகத் தருமாம். ஆனால் இப்போது எரிப்பதில் பாதியாவது மிச்சமாகும் என்று அளந்து காட்ட வேண்டும். மானியம் வராவிட்டால் இந்தக் கம்பளி ஆலையையே மூடிவிடுவாராம். வந்துவிட்டால் பாய்லரை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட வேண்டும். அது நிபந்தனை.

அந்தப் பாய்லரை ஓட்டுகிறவன் என் கணவன் முர்ரே. மானியம் வந்தால் அவன் வேலை போகும், வராவிட்டால் என்னுடையதும் சேர்த்து எல்லார் வேலையும் போகும். நான் எதற்கென்று வேண்டிக்கொள்வது?

மே 9

அளந்து பார்க்க அரசு ஆள் வரப்போகிறது என்று முர்ரே ஏணியை விட்டு இறங்கவே இல்லை. வருடக்கணக்காக ஆவி கக்கிக்கொண்டிருந்த மூட்டுகளையெல்லாம் இறுக்கினான். கழித்த ரோமத்தைக் குழாய்களில் தடிமனாகச் சுற்றி மேலே தகரம் போட்டான். ரோம மூட்டைகளைச் சுமந்து கொடுத்தது நான்தான். ஹேமிஷ் பெயிண்ட் வாங்கி வந்தார்.

"ஆள் வர்றாங்கன்னா வீட்டைப் பெருக்க மாட்டியா?" என்கிறான் முர்ரே. அதுவும் சரிதானே.

மே 13

அரசு அலுவலகத்திலிருந்து கெரீனா என்ற பெண் வந்து மீட்டர்களைப் பொருத்தினாள். ஒரு வாரம் ஓடுமாம். "இவ்வளவு நேர்த்தியான பாய்லர் அறையை நான் எங்கேயும் பாத்ததில்லை" என்றாள். முர்ரேவுக்குக் காது சிவந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கென்று பாய்லர் மேல் சூடாகிக்கொண்டிருந்த எங்கள் சீஸ் ரோல்களில் ஒன்றை எடுத்து அவளுக்குக் கொடுத்தான். எல்லாருடையதும் அங்கேதான் சூடாகும்.

மே 20

மீட்டரைக் கழற்றிக்கொண்டு போனாள். நாள் முழுக்க மழை.

மே 27

மிச்சம் போதவில்லையாம். மூட்டுகளை இறுக்கியதில் கரி குறைவாக எரிந்து, கிடைக்க வேண்டிய மிச்சத்தில் பாதியை நாங்களே ஏற்கெனவே எடுத்துவிட்டோமாம். ஒழுகியிருந்தால் மானியம் உண்டு, ஒழுகாததால் இல்லை. எத்தனை தடவை கேட்டும் மண்டையில் ஏறவில்லை. ஒழுங்காக இருப்பது ஒரு குற்றமா?

"யாருடா உன்னை ஏணி ஏறச் சொன்னது?" என்றார் ஹேமிஷ்.

"பெயிண்ட் டப்பா உன் வண்டியிலதானே வந்துச்சு" என்றான் முர்ரே. யாரும் சிரிக்கவில்லை.

கை கழுவும் இடத்தில், என்னோடு ரோமம் பிரிக்கும் டோனா, நான் பக்கத்தில் நிற்பது தெரிந்தே சொன்னாள்: "பாய்லரைத்தானே அவன் கட்டிக்கிட்டிருக்கான். அதை விட மனசு வருமா? தெரிஞ்சேதான் செஞ்சிருக்கான்."

மே 28

கேட்டுவிட்டேன். "தெரிஞ்சுதான் செஞ்சியா?"

டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்தான். "நீயும்தானே மூட்டை தூக்கின?"

அது பதிலா? ஆமா, நானும்தான் தூக்கினேன் — எதுக்குத் தூக்கினேன்? எனக்கே தெரியல. சுத்தமா இருக்கட்டும்னா? இல்ல, அவன் வேலை போகக்கூடாதுன்னா?

மே 30

அவன் டோஸ்டை அவனே போட்டுக்கொண்டான், என்னுடையதை நான்.

ஜூன் 4

கெரீனா திரும்ப வந்தாள். ஹேமிஷ் கெஞ்சியிருக்கிறார். போன வருடம் வாங்கிய நிலக்கரியை வைத்துக் கணக்கிடலாமாம், ஆனால் அப்போது குழாய்கள் ஒழுகின என்று அறையைப் பார்த்துக்கொள்பவரே சொல்ல வேண்டுமாம்.

பெயிண்ட் வாசம் போகாத அந்த அறையில், எல்லார் முன்னாலும், முர்ரே ஒவ்வொரு மூட்டாகக் காட்டினான். "இங்க ஒழுகுச்சு. இங்கயும். இந்தப் பக்கம் நிக்கவே முடியாது, அப்படி ஆவி. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

உதிரிப் பாகம் வேண்டும் என்று அவன் கேட்கும்போதெல்லாம் அடுத்த வருடம் என்று தள்ளியவர் ஹேமிஷ். அதை அவன் சொல்லவில்லை. ஹேமிஷ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது. பெருமையா, வயிற்றெரிச்சலா, இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 21

மானியம் கிடைத்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முர்ரேயும்.

செப்டம்பர் 18

போன வாரம் பாய்லரை வெட்டி லாரியில் ஏற்றிப் போனார்கள். முர்ரே இப்போது என் எதிர்மேசையில் ரோமம் பிரிக்கிறான். "கை இன்னும் கரி அள்ளுது பாரு" என்று டோனா கிண்டலடிக்கிறாள். சீஸ் ரோலை ஆறிப்போனபடியே தின்கிறோம்.

புதுப் பம்பு வெளியே முனகிக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள கம்பெனி ஆள் வருவானாம், நாங்கள் யாரும் தொடக்கூடாதாம். மத்தியானம் அதன் தண்ணீர்க் குழாயில் ஒரு மூட்டு சொட்டிக்கொண்டிருந்தது.

"விடு, அது இப்ப உன் வேலை இல்ல" என்றேன். சரியென்று தலையாட்டினான். நான் அடுத்த முறை நிமிர்ந்தபோது மேசையில் ஆள் இல்லை. வெளியே ஸ்பானரோடு நின்று இறுக்கிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தவனிடம் ஏன் என்று கேட்டேன்.

"ஒழுகுச்சு" என்றான்.

மே மாதம் கேட்டதற்கும் இதுதான் பதில். நான் கேட்டிருக்கவே வேண்டாம்.