பெயர் எழுதாத பொட்டலம்

9-11-81, திங்கள்
விடாத மழை. மாலதியின் கடிதம் நனைந்து வந்தது. டெல்லியில் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் டாக்டர் வேலை, நேர்காணலுக்கு அழைப்பு. மருந்தால் வந்த கெடுதல்களைப் படித்து, எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று பார்க்கும் வேலையாம்.

கமலா: "நாடி பாக்காத வேலைக்கா பொண்ண டாக்டருக்குப் படிக்க வெச்சீங்க? ஊர்ல கேட்டா குமாஸ்தான்னா சொல்றது?"

கடிதத்தின் முடிவில்: "அப்பா, உங்கள் கையில் மருந்தே கெடுத்த கேஸ் உண்டா? ஊர் டாக்டர்கள் மறைக்காமல் எழுதுவார்கள் என்றால்தான் இந்த வேலைக்கு அர்த்தம்."

உண்டு. ஒன்று.

10-11, செவ்வாய்
தூறல். பழைய கேஸ் நோட்டு, 1969. செல்லம்மாள், 26, திருவேட்டக்குடி. ஜுரத்துக்குச் சல்பா மாத்திரை கொடுத்தேன். உடம்பெல்லாம் தடிப்பு. நிறுத்திவிட்டு, "இந்த வெள்ளை மாத்திரை உனக்கு ஆகாது" என்றேன். பெயர் சொல்லவில்லை. நாங்கள் யாரும் சொல்வதில்லை. தெரிந்தால் அடுத்த முறை நேரே கடைக்குப் போய்விடுவார்கள். பொட்டலத்தில் எழுதக் கூடாது என்று கம்பவுண்டருக்கு உத்தரவு. என் உத்தரவு.

நாலு மாதம் கழித்து வேறொரு டாக்டர், அதே சல்பா. தோல் உரிந்த பிறகு என்னிடம் தூக்கி வந்தார்கள். புருஷன் முத்தையன் அழுதது: "வெள்ளை மாத்திரை வேணாம்னு சொன்னோங்க. அவரு குடுத்தது பொடிங்க."

'ஜுரத்தால் மரணம்' என்று சான்று எழுதியவன் நான்.

12-11, வியாழன்
"ஒரு டாக்டர் சொன்னது" என்று மாலதிக்குப் பதில் ஆரம்பித்தேன். கிழித்தேன். "கேள்விப்பட்டது." அதையும். மாலதி இனி என்னை எப்படிப் பார்ப்பாள்? முத்தையனைக் கேட்காமல் எழுதலாமா? நியாயமா, தள்ளிப்போடச் சாக்கா? தெரியவில்லை.
நாளைக்கு: குடை ரிப்பேர். கமலாவுக்குக் கண் சொட்டு. திருவேட்டக்குடி.

13-11, வெள்ளி
வெயில். பஸ். முத்தையன் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். "டாக்டரய்யா! மீனுக்கு ஆள் அனுப்பினாப் போதாதா?" சிரித்தார். எல்லாம் சொன்னேன், சான்றில் எழுதிய பொய்யையும். சிரிப்பு நின்றது. வெகு நேரம் வலையில் பாசி பொறுக்கினார்.
"எழுதிக்குங்க. அவ பேரையும் போடுங்க." பிறகு, "அந்த மருந்துக்குப் பேரு என்னங்க?"
பன்னிரண்டு வருஷம். "சல்பா" என்றேன். எழுதித் தரச் சொன்னார். காகிதத் துண்டில் பெரிய எழுத்தாக. எழுத்துக் கூட்டிப் படித்தார்.
"எம் மவளுக்கும் ஆகாதுங்களா?"
தெரியவில்லை என்றேன். அது பொய்யில்லை.

14-11, சனி
மாலதிக்கு ரிஜிஸ்தர் தபால். மருந்தின் பெயர், செல்லம்மாள் பெயர், என் பெயர்.
கமலா: "அந்தக் குமாஸ்தா வேலைக்குப் போகச் சொல்லித்தானே எழுதினீங்க?"
ஆமாம் என்றேன்.